ஐரோப்பாவில் படிக்கக் கிளம்பும் முன்: மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஐரோப்பாவில் அட்மிஷன் கிடைத்த மாணவர்களுக்குக் கிளம்பும் ஏற்பாடுகளில் சில ஆண்டுகளாக உதவி செய்து வருகிறேன். நானும் அதே வழியில் போய் வந்தவள்தான். ஒவ்வொரு ஆண்டும் அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது. தொகைகளும் காலக்கெடுக்களும் அவ்வப்போது மாறும். பணம் கட்டுவதற்கு முன் அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அட்மிஷன் கடிதம் வந்துவிட்டது. முதலில் எதைக் கவனிப்பது?

விசாவுக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்குவதையும் வீடு தேடுவதையும் ஒரே நாளில் தொடங்குங்கள். விசா கைக்கு வரட்டும், அப்புறம் வீட்டைப் பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். அங்கே போய்த் திண்டாடுகிறவர்களில் அதிகம் பேர் இவர்கள்தான்.

காரணம், அங்கே எல்லா வேலையும் முகவரியில்தான் தொடங்கும். ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும்; அதற்கு அன்மெல்டுங் என்று பெயர். அந்தப் பதிவுச் சான்றிதழ் இருந்தால் வங்கிக் கணக்கு எளிதாகக் கிடைக்கும். வரி எண் வீட்டு முகவரிக்குத் தபாலில் வரும். குடியிருப்பு அனுமதிக்கும் அதே சான்றிதழைத்தான் கேட்பார்கள். சங்கிலி மாதிரி, முதல் கண்ணி மாட்டவில்லை என்றால் அடுத்தது எதுவும் மாட்டாது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பதிவுக்குப் போகும்போது வீட்டுக்காரர் கொடுக்கும் உறுதிப் படிவம் ஒன்று வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார், ஆனால் நான் குடியேறிய தேதியை எழுதும் கட்டம் காலியாக இருந்தது. கவுன்டரில் இருந்த அம்மா அந்தக் கட்டத்தின் மேல் பேனா முனையை வைத்துக் காட்டிவிட்டுப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த அப்பாயின்ட்மென்ட் மூன்று வாரம் கழித்துத்தான் கிடைத்தது. பதிவு இல்லாததால் வங்கிக் கணக்கு இல்லை, கணக்கு இல்லாததால் என் பெயரில் போட்டு வைத்திருந்த மாதப் பணமும் வரவில்லை. கொண்டு போன ரொக்கத்தில்தான் அந்த மூன்று வாரமும் ஓடியது. அன்றிலிருந்து எந்தப் படிவம் வாங்கினாலும் அங்கேயே நின்று ஒவ்வொரு கட்டமாகப் படித்துவிட்டுத்தான் நகர்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

வீடு எங்கே, எப்படித் தேடுவது?

பல்கலைக்கழகத்தையோ அந்நாட்டு மாணவர் நல அமைப்பையோ சார்ந்த விடுதிகளில் முதலில் பெயரைக் கொடுங்கள். ஜெர்மனியில் ஷ்டூடீரண்டன்வெர்க், பிரான்ஸில் க்ரூஸ் என்று அமைப்புகள் இருக்கின்றன. அட்மிஷன் உறுதியாகும் முன்பே பெயர் பதிய விடுகிறார்கள் என்றால் அன்றே பதிந்துவிடுங்கள், வரிசை நீளம். நெதர்லாந்தில் வீட்டுத் தட்டுப்பாடு எவ்வளவு கடுமை என்றால், தங்க இடம் உறுதியாகவில்லை என்றால் வரவே வேண்டாம் என்று பல்கலைக்கழகங்களே மாணவர்களிடம் சொல்லியிருக்கின்றன.

விடுதி கிடைக்கவில்லையா? முதல் ஒன்றிரண்டு மாதத்துக்குத் தற்காலிக அறை ஒன்றை எடுத்துக்கொண்டு, அங்கே போய் நேரில் பார்த்து நல்ல இடத்துக்கு மாறலாம். ஆனால் அந்தத் தற்காலிக அறையை எடுக்கும் முன் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: "இந்த முகவரியில் என் பெயரைப் பதிய அனுமதிப்பீர்களா?" முடியாது என்று சொன்னால், வாடகை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேறு இடம் பாருங்கள்.

வாடகையைப் பேசும்போது எது சேர்ந்தது, எது சேராதது என்று கேளுங்கள். ஜெர்மனியில் கால்ட்மீட்டே என்றால் வெறும் அறை வாடகை. வார்ம்மீட்டே என்றால் ஹீட்டர், தண்ணீர் போன்ற செலவுகளும் சேர்ந்தது. மின்சாரமும் இணையமும் பெரும்பாலும் அதற்கும் வெளியே. அட்வான்ஸுக்குச் சட்டத்தில் உச்சவரம்பு உண்டு: ஜெர்மனியில் மூன்று மாத கால்ட்மீட்டே, பிரான்ஸில் பர்னிச்சர் உள்ள வீட்டுக்கு இரண்டு மாத வாடகை, நெதர்லாந்தில் 2023 ஜூலை முதல் போடும் ஒப்பந்தங்களுக்கு இரண்டு மாத அடிப்படை வாடகை. பிரான்ஸில் உள்ளூர் ஜாமீன்தாரர் ஒருவரைக் கேட்பார்கள். அங்கே யாரையும் தெரியாத மாணவர்களுக்கு விசால் என்ற இலவச உத்தரவாதத் திட்டம் இருக்கிறது, விண்ணப்பித்துவிடுங்கள்.

வீட்டு மோசடி என்கிறார்களே, எப்படிக் கண்டுபிடிப்பது?

கதை ஏறக்குறைய ஒன்றேதான். நகரின் நடுவில் அழகான வீடு, நம்ப முடியாத வாடகை. வீட்டுக்காரர் வேலை விஷயமாக வேறு நாட்டில் இருப்பார். அட்வான்ஸை அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவதாகச் சொல்வார். நம்பிக்கைக்காகத் தன் பாஸ்போர்ட் படத்தைக்கூட அனுப்புவார். அது முன்பு ஏமாந்த யாரோ ஒருவருடையதாக இருக்கும்.

வீடியோ அழைப்பில் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். அந்த ஊரில் படிக்கும் சீனியர் யாராவது நேரில் போய்ப் பார்க்க முடியுமா என்று மாணவர் குழுக்களில் கேளுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் பணம் அனுப்பாதீர்கள். திரும்ப வாங்கவே முடியாத பணப் பரிமாற்ற முறைகளில் எப்போதுமே அனுப்பாதீர்கள். உங்கள் பாஸ்போர்ட் நகலைக் கேட்டால், அதன் குறுக்கே "வாடகை விண்ணப்பத்துக்கு மட்டும்" என்றும் தேதியையும் அந்த நாட்டு மொழியில் எழுதிவிட்டு அனுப்புங்கள்.

எவ்வளவு பணம் காட்ட வேண்டும்? கையில் எவ்வளவு கொண்டு போகலாம்?

நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் ஒரு ஆண்டுக்கு 11,904 யூரோவை பிளாக்டு அக்கவுண்ட் என்ற கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். அங்கே போனதும் அதிலிருந்து மாதம் 992 யூரோ விடுவிப்பார்கள். இந்தத் தொகை 2024 செப்டம்பரில் உயர்த்தப்பட்டது.

இதில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. நீங்கள் போய் இறங்கிய அன்றே அந்தப் பணம் கைக்கு வராது. ஆனால் முதல் மாதத்தில்தான் செலவு குவியும்: அட்வான்ஸ், முதல் வாடகை, செமஸ்டர் கட்டணம், படுக்கை விரிப்பு முதல் பாத்திரம் வரை எல்லாம். அதனால் காட்டும் பணத்துக்கு வெளியே, முதல் இரண்டு மாதச் செலவுக்கும் அட்வான்ஸுக்கும் தனியாக ஏற்பாடு வேண்டும். அதில் சிறு பகுதி ரொக்கமாக, மீதி பயணக் கார்டில் இருக்கட்டும். 10,000 யூரோவோ அதற்கு மேலோ ரொக்கம் கொண்டு போனால் சுங்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அவ்வளவு ரொக்கம் கொண்டு போகவே வேண்டாம் என்பது என் கருத்து.

என்னென்ன சான்றிதழ்கள் எடுத்துப் போக வேண்டும்?

மதிப்பெண் பட்டியலையும் பட்டச் சான்றிதழையும் யாரும் மறப்பதில்லை. மறப்பது பிறப்புச் சான்றிதழைத்தான். நெதர்லாந்தில் நகராட்சிப் பதிவுக்கும், பிரான்ஸில் அரசு மருத்துவக் காப்பீட்டில் சேருவதற்கும் அதைக் கேட்பார்கள். வெறும் நகல் போதாது. உங்கள் நாட்டில் அப்போஸ்டில் முத்திரை வாங்கி, தேவைப்பட்டால் அந்த நாடு ஏற்கும் மொழிபெயர்ப்பாளரிடம் மொழிபெயர்த்தும் வைத்துக்கொள்ளுங்கள். அப்போஸ்டில் என்பது 1961 ஹேக் ஒப்பந்தத்தின்படி ஒரு நாட்டின் ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்றுக்கொள்வதற்கான முத்திரை. அங்கே போனபிறகு இதை வாங்க வேண்டுமானால் அசல் சான்றிதழை வீட்டுக்கே திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும், வாரக்கணக்கில் இழுக்கும்.

பெயர் எல்லா ஆவணத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருப்பவர்களும், சான்றிதழில் முன்னெழுத்து மட்டும் உள்ளவர்களும் கிளம்பும் முன்பே தூதரகத்திலும் பல்கலைக்கழகத்திலும் கேட்டு, எல்லா இடத்திலும் ஒரே வடிவத்தைப் பயன்படுத்துங்கள். வங்கியில் ஒரு பெயர், காப்பீட்டில் ஒரு பெயர் என்று ஆகிவிட்டால் பிறகு திருத்துவது பெரிய வேலை.

தடுப்பூசி விவரம், ஓட்டுநர் உரிமம், பயோமெட்ரிக் அளவிலான புகைப்படங்கள் ஆகியவையும் வேண்டும். அசல் எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. ஸ்கேன் செய்த நகல்களை இணையத்தில் ஓர் இடத்திலும் வீட்டில் ஒருவரிடமும் வைத்துவிடுங்கள்.

என் விசாவில் 'டி' என்று இருக்கிறது. மற்ற நாடுகளுக்கும் போகலாமா?

போகலாம். 'டி' என்பது ஒரு குறிப்பிட்ட நாடு தரும் நீண்டகால விசா. அதையோ குடியிருப்பு அனுமதி அட்டையையோ வைத்துக்கொண்டு மற்ற ஷெங்கன் நாடுகளில் (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாமல் போய்வர ஒப்புக்கொண்ட ஐரோப்பிய நாடுகள்), எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாளுக்கு மிகாமல் சுற்றலாம். 2025 தொடக்கத்தில் பல்கேரியாவும் ருமேனியாவும் முழுமையாகச் சேர்ந்தபின் ஷெங்கனில் 29 நாடுகள். ஐரோப்பிய ஒன்றியமும் ஷெங்கனும் ஒன்றல்ல என்பதை நினைவில் வையுங்கள். அயர்லாந்து ஒன்றியத்தில் இருக்கிறது, ஷெங்கனில் இல்லை. சுவிட்சர்லாந்தும் நார்வேயும் நேர் எதிர். பிரிட்டன் இரண்டிலும் இல்லை.

விமானம் மாறிப் போகிறவர்களுக்கு ஒன்று. குடிநுழைவுச் சோதனை முதலில் இறங்கும் ஷெங்கன் விமான நிலையத்திலேயே நடந்துவிடும். பாரிஸில் இறங்கி ரோமுக்குப் போனால் கேள்வி கேட்பது பாரிஸில்தான். அட்மிஷன் கடிதமும் தங்குமிட விவரமும் அங்கேயே எடுத்துக் காட்டும்படி கையில் இருக்கட்டும். அடுத்த விமானத்துக்கு ஒன்றரை மணி நேரம் மட்டும் இடைவெளி விட்டு டிக்கெட் எடுக்காதீர்கள்.

இறங்கியபின் என்னென்ன காலக்கெடு இருக்கிறது?

ஆஸ்திரியாவில் குடியேறிய மூன்று நாளில் முகவரிப் பதிவு. நெதர்லாந்தில் நான்கு மாதத்துக்கு மேல் தங்குவதென்றால் ஐந்து நாளில் நகராட்சிப் பதிவு. அப்பாயின்ட்மென்ட்டைப் பல பல்கலைக்கழகங்களே ஏற்பாடு செய்து தருகின்றன. இத்தாலியில் வந்த எட்டு வேலை நாட்களுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான படிவ உறை தபால் நிலையத்தில் கிடைக்கும், 16 யூரோ வருவாய் முத்திரையை மட்டும் புகையிலைக் கடையில் வாங்க வேண்டும். ஸ்பெயினில் ஆறு மாதத்துக்கு மேல் படிப்பவர்கள் ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிரான்ஸில் விசாவை மூன்று மாதத்துக்குள் இணையத்தில் உறுதி செய்ய வேண்டும். வீட்டில் உட்கார்ந்தே முடிக்கும் வேலை என்பதாலோ என்னவோ, இதை மறந்துவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு.

அலுவலகங்களில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே கடினமான ஊர்களில், வீட்டு ஒப்பந்தம் கையெழுத்தான அன்றே, உங்கள் சொந்த ஊரில் இருந்தபடியே முன்பதிவு செய்துவிடுங்கள்.

வங்கிக் கணக்கு தர மறுத்தால்?

ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி வசிக்கும் எவருக்கும், மாணவர்கள் உட்பட, அடிப்படைக் கணக்கு ஒன்றைத் திறக்கும் உரிமை உண்டு. 2014-ஆம் ஆண்டு ஒன்றியத்தின் சட்டம் இதைச் சொல்கிறது. "அடிப்படைக் கணக்கு வேண்டும்" என்று அந்த நாட்டு மொழியில் எழுதிக் கேளுங்கள். வேறு ஒன்றிய நாட்டில் கணக்கு இருந்தால், அதன் ஐபான் எண்ணை (சர்வதேச வங்கிக் கணக்கு எண்) ஏற்க முடியாது என்று சம்பளம் தருபவரோ மொபைல் நிறுவனமோ சொல்வதும் சட்டப்படி செல்லாது.

மருத்துவக் காப்பீடு எது எடுப்பது?

ஜெர்மனி போகிறவர்கள் இங்கே நிதானமாக யோசியுங்கள். 30 வயதுக்கு உட்பட்ட மாணவர்களுக்கு அரசு முறைக் காப்பீட்டில் சலுகைக் கட்டணம் உண்டு. தனியார் காப்பீடு மாதத்துக்குச் சில பத்து யூரோ குறைவாகத் தெரியலாம். ஆனால் படிப்பின் தொடக்கத்தில் அரசுக் காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கிவிட்டால், அந்தப் படிப்பு முடியும்வரை திரும்பிச் சேர முடியாது. நடுவில் நோய் ஒன்று வந்து, தனியார் நிறுவனம் இது எங்கள் திட்டத்தில் இல்லை என்று கைவிரித்த மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த விலக்குப் படிவத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

விசாவுக்காக எடுக்கும் பயணக் காப்பீடு வேறு. அது, அங்கே காப்பீடு தொடங்கும் வரைக்கும்தான்.

தொடர்ந்து மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் ஆங்கிலத்தில் சீட்டு எழுதி வாங்குங்கள். பிராண்டு பெயர் அங்கே யாருக்கும் புரியாது, மருந்தின் மூலப்பெயர் இருக்க வேண்டும். ஆன்டிபயாட்டிக் மருந்துகள் அங்கே சீட்டு இல்லாமல் கிடைக்காது. தூக்கம், கவலை, வலி ஆகியவற்றுக்கான மருந்துகளில் சிலவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு, தூதரகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பல், கண் சோதனையைக் கிளம்பும் முன் முடியுங்கள். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் இன்னொன்று கூடுதலாகச் செய்து எடுத்துப் போங்கள்.

பெட்டியில் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது?

ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வரும் பயணிகள் இறைச்சியும் பாலும், அவற்றில் செய்த பொருட்களும் கொண்டு வரத் தடை. சீஸ், உலர்த்திய இறைச்சி எல்லாம் சுங்கத்தில் குப்பைக்குப் போகும், அபராதமும் வரலாம். பழங்களும் செடிகளும் தாவர நலச்சான்று இல்லாமல் கூடாது. வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டூரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு.

மின்சாரம் 230 வோல்ட். பெரும்பாலான நாடுகளில் உருண்டை முள் பிளக். அயர்லாந்து, மால்டா, சைப்ரஸில் மூன்று சதுர முள். அடாப்டர் ஒன்றிரண்டு போதும், கூடவே ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியை எடுத்துப் போனால் எல்லாவற்றையும் அதில் சொருகிவிடலாம்.

குளிர் உடைக்காகப் பெட்டியை நிரப்பாதீர்கள். கனமான ஜாக்கெட்டை அங்கேயே, முடிந்தால் செகண்ட் ஹேண்ட் கடையில் வாங்குங்கள், அந்த ஊர்க் குளிருக்கு ஏற்றது அங்கேதான் கிடைக்கும். உள்ளே போடும் தெர்மல், ஒரு ஸ்வெட்டர், மழைக்குத் தாங்கும் ஷூ ஆகியவை மட்டும் கையோடு இருக்கட்டும். அக்டோபரில் குளிரைவிட ஈரக் காலுறைதான் அதிகம் படுத்தும்.

படித்துக்கொண்டே வேலை பார்த்துச் செலவைச் சமாளிக்கலாமா?

முழுச் செலவையும் முடியாது. அதை நம்பிக் கிளம்பாதீர்கள். அனுமதி இருக்கிறது: ஜெர்மனியில் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள், பிரான்ஸில் ஆண்டுக்கு 964 மணி நேரம், இத்தாலியில் வாரத்துக்கு 20 மணி, நெதர்லாந்தில் வாரத்துக்கு 16 மணி அல்லது கோடை மூன்று மாதம் முழுநேரம். நெதர்லாந்தில் முதலாளியும் உங்களுக்காக அனுமதி வாங்க வேண்டும் என்பதால் பலர் தயங்குகிறார்கள். உள்ளூர் மொழி தெரியாத முதல் செமஸ்டரில் வேலை கிடைப்பதே அரிது. கணக்கில் காட்டாமல் கையில் காசு தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். பிடிபட்டால் குடியிருப்பு அனுமதியே போய்விடும்.

ஆங்கிலத்தில்தான் பாடம். உள்ளூர் மொழி தேவையா?

தேவை. பாடம் ஆங்கிலத்தில் நடக்கும், வாடகை ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருக்காது. எண்கள், தேதி, முகவரி சொல்லுதல், "எழுதிக் காட்ட முடியுமா?" என்று கேட்டல், இவ்வளவையாவது கிளம்பும் முன் வாய்விட்டுப் பேசிப் பழகுங்கள்.

படிப்பு முறை எப்படி மாறும்?

ஒரு ஆண்டுக்கு 60 ஈசிடிஎஸ் புள்ளி (படிப்புக்கான உழைப்பை அளக்கும் ஐரோப்பியப் பொது அளவு), ஒரு புள்ளிக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்பது கணக்கு. வகுப்பு நேரம் குறைவாக இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், மீதி நேரம் நீங்களாகப் படிக்க வேண்டியது. மதிப்பெண் ஊருக்கு ஊர் வேறு: பிரான்ஸில் 20-க்கு 10 தேர்ச்சி, இத்தாலியில் 30-க்கு 18, ஜெர்மனியில் 1.0 மிகச் சிறந்தது, 4.0 கடைசித் தேர்ச்சி.

ஜெர்மனியில் வகுப்பில் சேர்ந்தாலே தேர்வு எழுதிவிட முடியாது. பல இடங்களில் தேர்வுக்குத் தனியாகப் பதிய வேண்டும், கடைசித் தேதி தாண்டினால் அந்தச் செமஸ்டர் போச்சு. ஒரு கட்டாயப் பாடத்தில் அனுமதித்த வாய்ப்புகள் எல்லாவற்றிலும் தோற்றால் (பெரும்பாலும் மூன்று) அந்தப் படிப்பையே விட வேண்டிவரும். தயாரில்லாத தேர்விலிருந்து விதிப்படி நேரத்தோடு விலகிக்கொள்வதில் தவறே இல்லை.

குளிர்காலமும் தனிமையும் தாங்குமா?

இருட்டு குளிரைவிடக் கடினம். டிசம்பரில் ஹெல்சின்கியில் பகல் ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. மதியம் மூன்றரைக்கு விளக்குப் போட வேண்டியிருக்கும்போது மனம் சோர்வது இயல்பு, அது உங்கள் பலவீனம் அல்ல. வெளிச்சம் இருக்கும்போது அரை மணி நேரமாவது வெளியே நடங்கள். வைட்டமின் டி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பல பல்கலைக்கழகங்களில் இலவச உளநல ஆலோசனை உண்டு, அங்கும் காத்திருப்பு இருக்கும் என்பதால் நிலைமை முற்றும் முன்பே பெயர் கொடுங்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கு உதவும் எராஸ்மஸ் மாணவர் வலையமைப்பு என்ற மாணவர் அமைப்பு பல நகரங்களில் கிளை வைத்திருக்கிறது. செப்டம்பரில் அவர்கள் நடத்தும் அறிமுகக் கூட்டங்களுக்குக் கூச்சப்படாமல் போங்கள்.

அறையில் குளிருக்குப் பயந்து ஜன்னலை மாதக்கணக்கில் மூடி வைக்காதீர்கள். சுவரில் பூஞ்சை பிடிக்கும், அட்வான்ஸில் கை வைப்பார்கள். காலையும் மாலையும் ஜன்னலை முழுதாகத் திறந்து, ஐந்து பத்து நிமிடத்தில் மூடிவிடுங்கள்.

ரயில், பஸ், போன்?

டிக்கெட் எடுத்தால் மட்டும் போதாது. பல ஊர்களில் காகித டிக்கெட்டைச் சிறு இயந்திரத்தில் விட்டு முத்திரை பதிய வேண்டும், இல்லையென்றால் டிக்கெட் இல்லாத கணக்குதான். ஒரு ஒன்றிய நாட்டில் வாங்கிய சிம் கார்டு, மற்ற ஒன்றிய நாடுகளுக்குப் பயணம் போகும்போது கூடுதல் ரோமிங் கட்டணம் இல்லாமல் வேலை செய்யும். சுவிட்சர்லாந்து அதில் சேராது. அவசரத்துக்கு 112, எல்லா ஒன்றிய நாட்டிலும் இலவசம். உங்கள் வீட்டு போன் எண்ணோடு மறக்காமல் சேமித்து வையுங்கள்.

அறைக்குப் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை என்ன?

வீட்டுக்குத் தகவல் சொல்லுங்கள். சுவர், தரை, ஜன்னல், அடுப்பு என்று அறையை மூலைமூலையாகப் படம் எடுத்துத் தேதியோடு வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள், அட்வான்ஸ் திரும்ப வாங்கும்போது உதவும். அப்புறம் கீழே இறங்கித் தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். ஜெர்மனி போன்ற நாடுகளில் கட்டட எண் மட்டும் பார்த்துத் தபால் போட மாட்டார்கள், பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடும். வங்கிக் கார்டு ஒரு உறையில், அதன் ரகசிய எண் இன்னொரு உறையில், காப்பீட்டு அட்டை வேறொரு உறையில் என்று முதல் மாதம் முழுக்கத் தபாலில்தான் வரும். ஒழுங்கான பெயர்ப்பலகை வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு துண்டுக் காகிதத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, மழையில் கரையாமல் மேலே டேப் ஒட்டி, அன்றைக்கே மாட்டிவிடுங்கள்.